மூன்றாவது ஓலையும் என் நாற்பது பக்க நோட்டும்

பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மாதா கெபிக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பினேன். சபாரி சட்டை போட்ட ஒரு பெரியவர் என்னை மறித்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதானே உள்ள உக்காந்து எழுதிக்கிட்டிருந்தீங்க?"

கையில் இருந்த நோட்டை முந்தானைக்குள் தள்ளினேன். தள்ளியிருக்கக் கூடாது. அது இப்போது தெரிகிறது.

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததுக்கா ஓலை வாசிக்கிறப்ப மட்டும் பேனாவ எடுத்தீங்க? நான் உங்களுக்குப் பின்னாடிதான் இருந்தேன். பிரசங்கத்துல ஒரு வரி எழுதல. ஷீபான்னு எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு பேரச் சொன்னதும் எழுதினீங்க. அப்பன் பேரையும் எழுதினீங்க. அப்புறம் எட்டி அந்தப் பொண்ண மேலயும் கீழயும் பாத்தீங்க. பாத்துட்டு மறுபடி எழுதினீங்க. யாரு நீங்க?"

எங்கள் கோவில்களின் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பெண், மாப்பிள்ளை பெயர்களைப் பூசையில் வாசிப்பார்கள். அதுதான் ஓலை. வாசித்து முடித்ததும், இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி வரும். அந்த வரி வரும்போது பெண்ணைப் பெற்றவர்கள் மூச்சுகூட விடமாட்டார்கள். நான் அந்த வரியின்போதுதான் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தபோது பெரியவருக்குப் பின்னால் அவர் மனைவி வந்து நின்றார். பிரேசர் டவுனில் கல்யாண கவுன் தைக்கும் கடை வைத்திருக்கும் எல்சி மேடம். இந்தப் பக்கத்தில் பாதிக் கல்யாணங்களுக்கு அவர் கடை கவுன்தான். என் திட்டத்தை உலகத்தில் ஒரே ஒருவருக்குச் சொல்லக் கூடாது என்றால் அது அவருக்குத்தான்.

"எனக்கு வேலையிருக்கு சார்" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தேன். பஸ் ஏறும்போதுகூட அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வகுப்பு

சென்ற வாரம் இந்தத் தொடரில், பத்தொன்பது வருடம் வேலை பார்த்த கார்மென்ட்ஸ் ஃபேக்டரியை மூடிய கதையைச் சொல்லியிருந்தேன். அங்கே நான் சாம்பிள் டெய்லர். ஆயிரக்கணக்கில் தைப்பதற்கு முன்னால் முதல் ஒன்றைத் தைத்துக் காட்டுகிற ஆள். ஆளைப் பார்த்தே தோள் எத்தனை, இடுப்பு எத்தனை என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில்தான் லிங்கராஜபுரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில், ஒரு ஷட்டர் இடம் பிடித்து கவுன் கடை போட்டேன்.

போட்டேன் என்றால், மிஷினைப் போட்டேன். போர்டு போடவில்லை. என் பெயரை வைக்கச் சொன்னார் என் வீட்டுக்காரர் அந்தோணி. மகள் இங்கிலீஷ் பெயர் வைக்கச் சொன்னாள். நாத்தனார் மாதாவின் பெயரைச் சொன்னாள். மூன்றும் நல்ல பெயர்களாகப் பட்டதால் எதையும் எழுதவில்லை. நான்கு மாதம் கடந்தும் அது என்ன கடை என்று தெருவுக்கே தெரியாது. ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் பேனா கேட்டார்கள்.

மே மாதம் முடியும்வரை பார்ப்பது என்று வீட்டில் பேச்சு. பழைய சூப்பர்வைசர் வேறொரு ஃபேக்டரியில் எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தார். ஜூன் ஒன்றாம் தேதி போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான், இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், கடைதான் வேண்டும். யாரோ ஒருவர் விசில் ஊதித்தான் சாப்பிடப் போக வேண்டும் என்கிற வாழ்க்கை எனக்கு அலுத்துவிட்டிருந்தது.

அப்போதுதான் பிரேசர் டவுனில் ஒரு ஹாலில், சிறுதொழில் செய்கிறவர்களுக்கு இலவச வகுப்பு என்று கேள்விப்பட்டுப் போனேன். வகுப்பெடுத்தவர் நாகராஜ் சார். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்தார். அதில் நாலைந்து கட்டங்கள். முதல் கட்டத்தில், உங்கள் வாடிக்கையாளர் யார் என்று கேள்வி.

"நோடி, பாருங்க, கஸ்டமர் உங்கள தேடி வரணும்னு உக்காந்திருக்காதீங்க. அவங்களுக்கு தேவை வர்ற எடம் எது? அங்க முன்னாடியே போய் நில்லுங்க. ரெண்டாவது, ஐடியாவ யாருக்கும் சொல்லாதீங்க. மூணாவது, ஒரு பிளான் போட்டா மூணு மாசம் மாத்தக் கூடாது. அர்த்த ஆய்த்தா?"

புரிந்ததா என்றார். எனக்கு நன்றாகவே அர்த்தமானது. தலைக்குள் மணி அடித்த மாதிரி இருந்தது. கல்யாணப் பெண்ணுக்குத் தேவை எங்கே வருகிறது? ஊரறியச் சொல்வது எங்கே? ஓலையில்!

முதல் கட்டத்தில் மணப்பெண் என்று எழுதினேன். ஞாயிறுதோறும் ஒரு கோவில். ஒரு வாரம் லிங்கராஜபுரம், ஒரு வாரம் ரிச்சர்ட்ஸ் டவுன், ஒரு வாரம் பிரேசர் டவுன். ஓலையில் வரும் பெயர்களைக் குறிப்பது, பெண் கோவிலில் இருந்தால் கண்ணாலேயே அளவெடுப்பது, அந்த வாரமே வீட்டுக்குப் போய்ப் பேசுவது. மற்றவர்களை வெளியே நிற்க வைத்துவிட்டு நாகராஜ் சாரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். "சூப்பர் மேடம்" என்றார். அவருக்கு ஓலை என்றால் என்னவென்று தெரியாது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

பதினெட்டு வீடு

ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணங்கள் வரிசை கட்டின. நான் நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

முதல் வீட்டில் காபி கொடுத்து, "கவுன் வந்து ஒரு மாசம் ஆச்சேக்கா" என்றார்கள். சரி, முந்திக்கொண்டவர்கள் என்று நினைத்தேன். இரண்டாவது வீட்டிலும் வந்துவிட்டிருந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு அம்மா கேட்டைத் திறக்காமலேயே, "கவுன் மாப்பிள்ளை வீட்டுல எடுப்பாங்கம்மா, எங்ககிட்ட எதுக்கு வர்றே?" என்றாள்.

இதை நீங்கள் படிக்கும்போது சிரிப்பீர்கள். எனக்கும் கல்யாணமாகியிருக்கிறது. என் கவுனும் மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் வந்தது. ஓலை வாசிப்பதற்கு வெகுநாள் முன்பே வந்தது. பெண்ணாக எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், முதலாளியாக நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துபோனது. இது எப்படி என்று கேட்டால் இன்றைக்கும் விளங்கவில்லை.

அதைவிட விளங்காதது, நான் நிறுத்தவில்லை என்பது. பிளானை மூன்று மாதம் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தாரே! பதினெட்டு வீடு ஏறி இறங்கினேன். நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "ஆகிவிட்டது" என்று எழுதினேன். அந்தோணி ஒருநாள் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏன் ரெஜி, இவ்வளவு அழகா எழுதியிருக்கியே, இதப் படிச்சியா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை.

இந்தத் தொடரைப் படிக்கிற சிலர், தொழில் தொடங்கப் போகிறோம், எப்படித் திட்டமிடுவது என்று கடிதம் எழுதிக் கேட்கிறீர்கள். நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எழுதுங்கள். ஆனால் வீட்டில் யாராவது ஒருவரைப் படிக்கச் சொல்லி, அவர் சொல்வதைக் கேளுங்கள். கோபம் வந்தாலும் கேளுங்கள். இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

கடைக்கு வந்த முதல் மணப்பெண்

கெபி பக்கம் அந்தப் பெரியவர் என்னை மறித்தாரே, அதற்கு இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு ஆட்டோ கடை வாசலில் வந்து நின்றது. அம்மாவும் மகளும் இறங்கினார்கள். மகளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தோள் பதினாலரை. ஷீபா.

கடைசியில் ஒரு மணப்பெண் தானாகவே வந்துவிட்டாள் என்று எனக்கு வாயெல்லாம் பல். ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"எம்பொண்ணு வாழ்க்கையில ஏன்மா மண்ணப் போட்டே?" என்று ஆரம்பித்தாள் அம்மா. மெர்சி என்று பெயர், எங்கள் பங்கிலேயே பார்த்த முகம். "நாங்க உனக்கு என்ன பண்ணோம்? யாரோ ஒரு பொம்பள எம்பொண்ணப் பத்தி எழுதிட்டுப் போனாளாம், கேட்டா ஓடிட்டாளாம். அடையாளத்த வச்சு விசாரிச்சு உன்னக் கண்டுபிடிச்சோம். இதுக்கு முன்ன வேற எடத்துல பேசி வச்சிருந்தீங்களா, யாருக்காவது வாக்கு குடுத்திருந்தீங்களான்னு மாப்பிள்ள வீட்டுல கேக்குறாங்க. விஷயம் தெளிவாகிற வரைக்கும் மூணாவது ஓலை வேணாம்னு ஃபாதர்கிட்ட சொல்லிட்டாங்க. ஃபாதரும் நிறுத்தி வச்சிருக்கார். அடுத்த புதன்கிழமை கல்யாணம்மா!"

என்ன சொன்னாலும் தப்பாகப் போகும் போலிருந்தது. நோட்டை எடுத்து நீட்டினேன்.

மெர்சி படிக்கவில்லை. ஷீபாதான் வாங்கிப் புரட்டினாள். பெயர், அப்பா பெயர், தெரு, அளவு, ஆகிவிட்டது. பெயர், அப்பா பெயர், தெரு, அளவு, ஆகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தாள். அதற்கு எதிரே, தோள் பதினாலரை, மார்பு முப்பத்தாறு, கை கொஞ்சம் நீளம் என்று இருந்தது.

"நீங்க டெய்லராக்கா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அம்மா, இவங்க டெய்லரும்மா."

பிறகு அவள் செய்ததுதான் நான் எதிர்பார்க்காதது. அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். "வாய மூடு" என்றாள் மெர்சி. மறுபடி சொன்னாள். மெர்சி அந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். பெண்ணை நேரில் அளவெடுக்காமல், பெண் வீட்டிலிருந்து ஒரு அளவு ஜாக்கெட் வாங்கித்தான் மாப்பிள்ளை வீட்டில் கவுன் தைப்பார்கள். மெர்சி அவசரத்தில் ஷீபாவின் காலேஜ் கால ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளையின் பெரியம்மா எல்சி மேடம் தன் கையாலேயே தைத்து அனுப்பிவிட்டார். கவுன் வந்து மூன்று வாரம். பின்னால் ஜிப் ஏறவில்லை. எல்சி மேடத்திடம் சொன்னால் அவர் தையலைக் குறை சொன்னதாக ஆகும், சம்பந்தி வீட்டில் முதல் குறையே நம்மிடமிருந்து போக வேண்டுமா என்று இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஷீபா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டிருந்தாள்.

"கல்யாணமே நிக்கிறப்ப கவுன் எதுக்குடி" என்று அழுதாள் மெர்சி.

"கல்யாணம் நிக்காது. கவுன எடுத்துட்டு வாங்க" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது. சொல்லிவிட்டேன்.

ஃபாதர் அறையில்

வியாழக்கிழமை காலை ஃபாதர் அறைக்குப் போனேன். பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எல்சி மேடம். நோட்டை மேஜை மேல் வைத்து, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வகுப்பு, தாள், கட்டம், பதினெட்டு வீடு. இத்தனை வாரமாகக் காப்பாற்றி வைத்த தொழில் ரகசியம் நாலு நிமிஷத்தில் தீர்ந்துபோனது. எதற்குப் பயந்து மறைத்தேனோ அவர் முன்னாலேயே.

ஃபாதர் நோட்டை எடுத்து வாசித்தார். "செலின், ஆகிவிட்டது, பெண் ஒல்லி, அம்மா கோபக்காரி" என்றதும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியவரும் சிரித்துவிட்டார். "அந்த செலின் எங்க தங்கச்சி மருமகதான் ஃபாதர். அவ அம்மா அப்படித்தான்."

எல்சி மேடம் சிரிக்கவில்லை.

"ஷீபா வீட்டுக்கும் போனியா?"

"இல்ல மேடம். விஷயம் தெரிஞ்சு அவங்கதான் கடைக்கு வந்தாங்க."

"கவுன் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

ஃபாதர் என்னைப் பார்த்தார். சுவரில் சிலுவை இருந்தது.

"நல்லா இருக்குன்னு சொன்னாங்க மேடம். அளவெடுத்த மாதிரி கச்சிதமா இருக்காம்."

எல்சி மேடம் என்னை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஃபாதரிடம், "ஓலைய வாசிச்சிருங்க ஃபாதர்" என்றார். நோட்டை ஃபாதர் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டார். அந்தப் பொய்யை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் அவரிடமே சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும், மேல சொல்லு" என்றார்.

பிரித்ததும் தைத்ததும்

வெள்ளிக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கவுனைப் பிரித்தேன். அவ்வளவு நல்ல தையல். கோணாத தையலைப் பிரிப்பது போலக் கஷ்டம் வேறில்லை, பிளேடு வைக்கவே மனசு வரவில்லை. எல்சி மேடம் பார்த்தாலும் கண்டுபிடிக்காதபடி செய்ய வேண்டும் என்பதால் ஜிப்பைத் தொடவில்லை. பின்னால் தரையில் இழுபடும் நீளத் துணியின் உள்மடிப்பில் இருந்து இரண்டு பட்டை வெட்டி, அக்குளிலிருந்து இடுப்புவரை இரண்டு பக்கமும் ஒட்டுக் கொடுத்தேன். மேலே லேஸைக் கையாலேயே தைத்து மூடினேன். சாட்டின் வழுக்கி வழுக்கி விரலில் ஊசி ஏறியது. வெள்ளைத் துணியில் ரத்தம் பட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு விரலிலும் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு தைத்தேன்.

சனிக்கிழமை ஷீபா போட்டுப் பார்த்தாள். ஜிப் ஒரே இழுப்பில் ஏறியது. கடையில் முழுக் கண்ணாடி இல்லாததால் ஜெராக்ஸ் கடையின் கண்ணாடிக் கதவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அக்கா, மூச்சு விட முடியுது" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மதியம் வகுப்பை மறந்தே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்ற வரி வந்தபோது நானும் மூச்சு விடவில்லை.

புதன்கிழமை கல்யாணத்தில் கடைசி வரிசையில் நின்றேன். போட்டோவுக்காக எல்சி மேடம் ஷீபாவைக் கட்டிப்பிடித்தார். அவர் கை அக்குள் பக்கம் போனது. அங்கேயே நின்றது. விரல்கள் தையல் வழியே மெல்லக் கீழே இறங்கி இடுப்பில் நின்றன. பிறகு அவர் தலையைத் தூக்கிக் கோவில் முழுக்கத் தேடினார். நான் பீடத்தைப் பார்த்து பக்தியாகக் கை கூப்பிக்கொண்டேன்.

முதல் கட்டம்

அதற்கடுத்த வாரம் மே மாதம் முடிகிறது. கடைக்கு வேறு யாரும் வரவில்லை. செய்த வேலைக்கு மெர்சி கொடுத்ததை மறுக்காமல் வாங்கிக்கொண்டேன், ஆனால் ஒரு கவுனை வைத்துக் கடை நடத்த முடியுமா? ஃபேக்டரிக்குப் போவதாகப் பழைய சூப்பர்வைசருக்கு போன் செய்ய வேண்டும். செய்யவும் மனசில்லை, செய்யாமலிருக்கவும் தைரியமில்லை. நாகராஜ் சார் கொடுத்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கட்டத்தில் மணப்பெண் என்பதை அடித்துவிட்டு மாப்பிள்ளை வீடு என்று எழுதினேன். அதையும் அடித்தேன். ஷீபா என்னிடம் எப்படி வந்தாள்? என் பிளானாலா? என் பிளான் சொதப்பியதாலா? யோசிக்க யோசிக்கத் தலை கிறுகிறுத்தது.

ஆட்டோ வந்து நின்றது. எல்சி மேடம் இறங்கினார். கையில் பெரிய பிளாஸ்டிக் பை.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை. கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"போர்டு எங்க?"

"இன்னும் போடல மேடம்."

"ஒட்டுத் துணி எங்கிருந்து எடுத்தே?"

மறைத்துப் பயனில்லை. "பின்னாடி இழுபடுற துணியோட உள்மடிப்புல."

"அதான். வெளியில வாங்குன துணியா இருந்தா வெள்ள மாறியிருக்கும்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "முப்பது வருஷமா தைக்கிறேன். அளவு ஜாக்கெட்ட நம்பித்தான் தைக்கிறேன். எத்தன பொண்ணுங்க மூச்சு முட்டிக்கிட்டு நின்னுதுங்களோ, ஒண்ணுகூட எங்கிட்ட வந்து சொன்னதில்ல. மாப்பிள்ள வீட்டு ஆளாச்சே நான், எங்கிட்ட எப்படிச் சொல்லும்? உங்கிட்ட சொல்லுதுங்க."

பையைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். உள்ளே மூன்று கவுன்கள்.

"மூணு பொண்ணு வீட்டுக்கும் நானே போன் பண்ணேன். போட்டுப் பாத்தியா, நெஜத்தச் சொல்லுன்னு கேட்டேன். மூணும் அழுதுச்சுங்க. ஒண்ணுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. பொண்ணுங்க உங்கிட்டயே வரும். எங்கெங்க எவ்வளவு பத்தலன்னு கேட்டு வச்சிருக்கேன், சொல்றேன், உன் நோட்ட எடு."

"நோட்டு ஃபாதர்கிட்ட இருக்கு மேடம்."

"வேற எதிலயாவது எழுது. ஆட்டோ நிக்குது."

மேஜையில் அந்தத் தாள்தான் இருந்தது. உங்கள் வாடிக்கையாளர் யார் என்ற கேள்விக்குக் கீழே, அடித்து அடித்து மிச்சமிருந்த இடத்தில், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அக்குள் ஒன்றரை அங்குலம். இடுப்பு ஒன்று. தோள் சரியாக இருக்கிறது.